பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்: மாற்றுவதற்கு முன் அறிய வேண்டியவை

விளைந்த காய்கறியைத் தாமே மார்க்கெட்டுக்குக் கொண்டு செல்வதற்காகச் சொந்தமாகவோ, இரண்டு மூன்று பேர் கூட்டாகவோ சிறு சரக்கு வண்டி வைத்திருக்கும் விவசாயிகள் இன்று ஏராளம். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக்கும், பின் சக்கரங்களில் டிரம் பிரேக்கும் உண்டு. மலைப்பாதையில் சுமையுடன் இறங்கும்போது பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றால், "பின்னாலும் டிஸ்க் போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்று பட்டறைகளில் யோசனை கூறப்படுவது வழக்கம். இது நல்ல யோசனைதானா? மாற்றுவது என்றால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? பணத்தைச் செலவிடுவதற்கு முன் இவற்றை அறிந்துகொள்வது அவசியம். உயிரும் ஒரு பருவத்து விளைச்சலும் இதில் அடங்கியிருக்கின்றன.

பிரேக் செய்யும் வேலை

ஓடும் வண்டியின் வேகத்தை வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் வேலை. வண்டியும் சுமையும் சேர்ந்து 2,500 கிலோ இருப்பதாகக் கொள்வோம். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்திலும், ஊட்டி ரயில் நிலையம் 2,203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை அந்த வண்டி இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கொண்டு சுமார் 150 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். இதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் எடுத்துக்கொள்ளும். பெரும் பகுதியை எஞ்சின் தாங்க வேண்டும். ஓட்டுநர் கியரைக் குறைக்காமல் பெடலை மிதித்துக்கொண்டே வந்தால் அவ்வளவு வெப்பமும் பிரேக்கின் தலையில் விழும்.

வேகமும் முக்கியம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 60 கிலோமீட்டரில் போகும் வண்டியை நிறுத்த இரண்டே கால் மடங்கு வெப்பத்தை பிரேக் ஏற்க வேண்டும்.

டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வேறுபாடு

டிரம் பிரேக்கில் இரண்டு ஷூக்கள் டிரம்முக்குள் விரிந்து உட்புறத்தில் உரசுகின்றன. சுழலும் டிரம் ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் இறுக்கும். கதவின் கீழ் வைத்த ஆப்பு, கதவைத் தள்ளத் தள்ள இறுகுவதைப் போன்றது இது. ஆகவே குறைந்த அழுத்தத்திலேயே டிரம் நன்கு பிடிக்கும். ஹேண்ட் பிரேக்குக்கும் இது மிக ஏற்றது. ஆனால் உள்ளே உண்டாகும் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகிச் செல்லும். வாய்க்காலைக் கடக்கும்போது புகும் தண்ணீரும் சேறும் உள்ளேயே தங்கும்.

டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் என்னும் பிடி, சுழலும் வட்டை இருபுறமும் பேடுகளால் நெருக்குகிறது. வட்டு காற்றில் திறந்திருப்பதால் சீக்கிரம் குளிர்கிறது. தண்ணீரைச் சுழற்சியிலேயே உதறிவிடுகிறது. சூட்டில் வட்டு தடித்தாலும் பேடை நோக்கியே தடிக்கும். ஆனால் ஆப்பு போல் தானே இறுகும் குணம் இதற்கு இல்லை. ஆகவே அதே அளவு பிடிப்புக்கு அதிக அழுத்தம் தேவை.

டிஸ்க் சிறந்தது என்பது வெப்பத்தைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் பின் சக்கரத்தில் டிஸ்க் மாட்டினால் மட்டும் வண்டி தானாக நன்றாக நின்றுவிடாது.

மாற்ற வேண்டியவை எவை?

டிரம்மைக் கழற்றிவிட்டு வட்டை மாட்டுவதோடு வேலை முடிவதில்லை. கீழ்க்கண்டவை அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

1. காலிப்பர் தாங்கி: டிரம்மின் பின்தட்டு ஆக்ஸில் ஹவுசிங்கில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். அதே இடத்தில் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் உட்கார வேண்டும். பிரேக் பிடிக்கும்போது காலிப்பர் அந்தப் பிராக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும் அளவுக்கு இழுக்கும். சாதாரணத் தகட்டை வெட்டி வெல்டிங் வைப்பது ஆபத்து.

2. வட்டின் நேர்மை: வட்டு ஹப்பின் நடுவில் ஆட்டமின்றி உட்கார்ந்து, காலிப்பரின் நடுவில் சுழல வேண்டும். பல வண்டிகளில் இதற்கு ஆக்ஸில் ஷாஃப்டையே வெளியே எடுக்க வேண்டும். அப்போது பேரிங்கையும் ஆயில் சீலையும் பார்த்துவிட வேண்டும். வீல் ரிம்முக்குள் காலிப்பர் இடிக்காமல் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

3. மாஸ்டர் சிலிண்டர்: டிரம்மின் வீல் சிலிண்டர் பிஸ்டனைவிட காலிப்பர் பிஸ்டன் பெரியது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே தள்ள வேண்டிய பிரேக் ஆயிலும் கூடலாம். பழைய மாஸ்டர் சிலிண்டரால் முடியாவிட்டால் பெடல் அடித்தட்டு வரை இறங்கும்.

4. தங்கும் அழுத்த வால்வு: சில வண்டிகளில் டிரம்முக்குச் செல்லும் குழாயில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தத்தை எப்போதும் நிறுத்திவைக்கும் சிறு வால்வு இருக்கும். டிஸ்க் மாட்டிய பின்னும் இது இருந்தால், காலை எடுத்த பிறகும் பேடு வட்டை உரசிக்கொண்டே இருக்கும். சூடேறும், டீசலும் வீணாகும்.

5. பங்கீட்டு வால்வு: பிரேக் போட்டால் வண்டியின் பாரம் முன்பக்கம் சாயும். பின் சக்கரம் லேசாகும். அதனால் பின் சக்கரத்துக்கு எவ்வளவு அழுத்தம் செல்லலாம் என்பதை வால்வு கட்டுப்படுத்துகிறது. சரக்கு வண்டிகள் பலவற்றில் இந்த வால்வு பின் ஆக்ஸிலோடு ஒரு கம்பியாலோ ஸ்பிரிங்காலோ இணைக்கப்பட்டு, சுமை கூடினால் அழுத்தத்தைக் கூட்டி, வெறும் வண்டியில் குறைக்கும். டிரம்முக்கு அமைந்த இந்த அளவு டிஸ்க்குக்குப் பொருந்தாது. பின்பக்கப் பிடிப்பு அதிகமானால், சந்தையிலிருந்து வெறும் வண்டியாகத் திரும்பும்போது ஈரச் சாலையில் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். குறைவானாலோ சுமையுடன் இறங்கும்போது முன் பிரேக் மட்டுமே பாடுபடும்.

6. ஏ.பி.எஸ். உள்ள வண்டிகள்: சக்கரத்தின் சுழற்சியை அளக்கும் கருவியும் கணக்கும் பழைய பிரேக்குக்கு ஏற்ப அமைந்தவை. இவ்வண்டிகளில் கை வைக்காமல் இருப்பதே நலம்.

ஹேண்ட் பிரேக்கை மறக்கக் கூடாது

இம்மாற்றத்தில் பெரும்பாலும் கோட்டை விடப்படுவது ஹேண்ட் பிரேக்தான். பல வண்டிகளில் பின் டிரம்முக்குள் இருக்கும் அதே ஷூவைத்தான் ஹேண்ட் பிரேக் கேபிளும் இழுக்கிறது. டிரம் போனால் அதுவும் போய்விடும். அதற்கு மாற்றாக, கேபிளால் இழுக்கும் நெம்புகோல் உள்ள காலிப்பரையோ, நடுவில் சிறு டிரம் அமைந்த வட்டையோ போட வேண்டும். இரண்டும் இல்லாமல் மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது. பெடல் பிரேக் கைவிட்டால் எஞ்சியிருப்பது அது ஒன்றே.

நெம்புகோல் காலிப்பரிலும் ஒரு குறை உண்டு. மலையிறங்கிச் சூடாக இருக்கும் வட்டைக் கவ்வி நிறுத்திவிட்டு ஓட்டுநர் தேநீர் குடிக்கச் சென்றால், ஆறியதும் வட்டு சற்றுச் சுருங்கி பிடி தளரும். சரிவில் நின்ற வண்டி தானே உருளக்கூடும். ஆகவே சரிவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது எந்தப் பிரேக் ஆனாலும் தவறக் கூடாத பழக்கம்.

சட்டம் சொல்வது

உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் வேறுபாடு ஏற்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. பிரேக் போன்ற உயிர்காக்கும் பாகத்தில் கை வைக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தகுதிச் சான்று பெறும்போதும், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போதும் தகராறு வரும். இழப்பு முழுவதும் விவசாயியின் தலையில் விழக்கூடும்.

கோளாறு எங்கே என்று முதலில் பாருங்கள்

பிரேக் பிடிக்கவில்லை என்பது ஒரே நோய் அல்ல. பெடலே நோயைச் சொல்லும்.

பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லை, தீய்ந்த வாசனை வருகிறது என்றால் லைனிங் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது என்று பொருள். வண்டியை ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். இறங்கும் முறையையும் மாற்ற வேண்டும். சூடில்லாதபோதும் பெடல் கல்லாக இருந்தால் பூஸ்டரைப் பார்க்க வேண்டும்.

பெடல் பஞ்சு போல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் இந்த வரம்பு 140 டிகிரியாக இறங்கிவிடும். டாட் 4 ஆயிலுக்கு இவை 230, 155 டிகிரி. பழைய ஆயிலை வைத்துக்கொண்டு டிஸ்க் மாட்டினாலும் கோளாறு தீராது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது நல்லது.

பெடலை மிதித்துப் பிடிக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது எங்கோ கசிவு இருக்கும். இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கிறது என்றால் ஷூ டிரம்மைவிட்டு விலகியிருக்கும். அட்ஜஸ்ட் செய்தாலே போதும்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சக்கரத்தில் எண்ணெய் பட்டிருக்கலாம் அல்லது வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம். ஆக்ஸில் ஹவுசிங்கின் மேலுள்ள காற்றுத் துவாரம் வயல் சேற்றால் அடைபட்டால், சூடேறும் எண்ணெய் சீலைத் தாண்டி லைனிங்கில் வந்து இறங்கும். இத்துவாரத்தைச் சுத்தம் செய்யச் செலவு ஒன்றுமில்லை.

டிரம்மைச் செப்பனிடும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டு வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். அத்தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

ரிவெட் தலைக்கு மேல் லைனிங் ஒரு மில்லிமீட்டருக்குத் தேய்வதற்குள் ஷூவை மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இருபக்கமும் மாற்றுவது முறை. டிரம்மில் வரிகள் விழுந்திருந்தால் லேத்தில் கடையலாம். ஆனால் டிரம்மில் பொறித்துள்ள உச்ச விட்டத்தைத் தாண்டினால் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ரிட்டர்ன் ஸ்பிரிங், வீல் சிலிண்டர் ரப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் தொட்டியில் எஞ்சின் ஆயிலையோ வேறு எண்ணெயையோ ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

அதன் பின்னும் டிஸ்க்தான் வேண்டும் என்றால்

மேற்கண்ட எல்லாம் சரியாக இருந்தும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் போன்ற பாதையில் அன்றாடம் சுமையுடன் இறங்க வேண்டியிருப்பவர்கள், வண்டி வாங்கும்போதே அதற்கேற்ற பிரேக் அமைந்த வண்டியாகத் தேர்ந்தெடுப்பதே சிறந்தது. இருக்கும் வண்டியில்தான் மாற்றம் என்றால், உற்பத்தியாளரே அவ்வண்டிக்கென அனுமதித்த பாகங்களை, அங்கீகாரம் பெற்ற பணிமனையில், எழுத்து மூல அனுமதியோடு பொருத்த வேண்டும். வேறு வண்டியிலிருந்து கழற்றிய ஆக்ஸிலையோ, லேத் பட்டறையில் செய்த பிராக்கெட்டையோ நம்பக் கூடாது.

வேலை முடிந்ததும் காற்று முழுவதையும் எடுத்துவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துக் கசிவு பார்க்க வேண்டும். ஆளில்லாத சமதரையில் முதலில் 20 கிலோமீட்டர் வேகத்திலும், பிறகு 40 கிலோமீட்டர் வேகத்திலும் சோதிக்க வேண்டும். வெறும் வண்டியாகவும், சுமையுடனும் தனித்தனியே பார்ப்பது முக்கியம். முன் சக்கரத்துக்கு முன்பே பின் சக்கரம் பூட்டினால் அந்த வண்டி மலையேறத் தகுதியற்றது. புதுப் பேடு வட்டோடு பழகும் வரை மெல்ல ஓட்ட வேண்டும்.

இறங்கும் முறை

ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில், அல்லது அதற்கும் கீழான கியரில் இறங்க வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பெடலை நெடுநேரம் தேய்த்துப் பிடிக்காமல், வேகம் கூடும்போது உறுதியாக மிதித்து, வேகம் குறைந்ததும் விட்டுவிட வேண்டும். இடைவெளியில் பிரேக் ஆறும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், எஞ்சினை நிறுத்துவதும் தற்கொலைக்குச் சமம். எஞ்சின் நின்றால் பூஸ்டரில் எஞ்சிய சக்தி இரண்டு மூன்று மிதிப்புக்கு மேல் வராது.

அனுமதித்த பாரத்துக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றக் கூடாது. லைனிங், பிரேக் ஆயில், அட்ஜஸ்ட்மெண்ட் ஆகிய மூன்றையும் காலத்தில் கவனித்து, கியரில் இறங்கும் பழக்கத்தையும் மேற்கொண்டால், பெரும்பாலான சிறு சரக்கு வண்டிகளுக்கு இருக்கும் டிரம் பிரேக்கே போதும். டிஸ்க்குக்கு என ஒதுக்கிய பணத்தில் முதலில் பழைய பிரேக்கை ஒழுங்காகச் செப்பனிட்டுப் பார்ப்பது விவசாயிகளுக்கு லாபம்.