ஒரு துளி இரத்தத்தில் எண்ணப்படும் இலத்திரன்கள்

சென்ற நோன்பில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு உம்மும்மாவின் கை நடுங்கியது, நெற்றி வியர்த்தது. அவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். குளுக்கோமீட்டரில் பார்த்தேன்: 104.

"பாத்தியா மகள், ஒண்டுமில்ல. மஃரிபுக்கு இன்னும் ரெண்டு மணித்தியாலந்தானே" என்றார்.

ஆனால் நடுக்கம் நிற்கவில்லை. ஸ்ட்ரிப் போத்தலின் மூடியை நான் சில நாட்களாகச் சரியாக மூடாமல் விட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. புதிய போத்தலைத் திறந்து மீண்டும் பார்த்தேன்: 62. எழுபதுக்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று டொக்டர் முன்னரே சொல்லியிருந்தார். உம்மும்மா கண் கலங்கியபடி பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார்.

ஒரே கை, ஒரே நேரம், இரண்டு இலக்கங்கள். ஏன்? விடை எங்கள் உயர்தர இரசாயனவியலின் மின்னிரசாயன அலகிலேயே இருந்தது.

ஸ்ட்ரிப்பில் நடப்பது என்ன?

ஸ்ட்ரிப்பின் நுனியில் சிறு மின்வாய்களும் அவற்றின் மேல் ஒரு நொதியமும் உள்ளன. நொதியத்தின் உதவியால் குளுக்கோசு ஒட்சியேற்றப்படுகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் 2 இலத்திரன்களை இழக்கிறது. நொதியத்தைக் கொண்டு குளுக்கோசை அளக்கும் மின்வாய் பற்றி 1962இல் லீலண்ட் கிளார்க் என்பவரும் அவரது சக ஆய்வாளரும் எழுதினர். அதில் அளக்கப்பட்டது, தாக்கத்தில் செலவாகும் ஒட்சிசன். பின்னர் வந்த ஸ்ட்ரிப்களில் ஒட்சிசனுக்குப் பதிலாக, இலத்திரன்களை மின்வாய்க்குச் சுமந்து செல்லும் ஓர் இடைப்பொருள் சேர்க்கப்பட்டது. பல ஸ்ட்ரிப்களில் அது பெரிசயனைட்டு.

கருவி அளப்பது அந்த மின்னோட்டத்தையே. 1 மைக்ரோ அம்பியர் 5 செக்கன்கள் பாய்ந்தால் ஏற்றம் 5 மைக்ரோ கூலோம். அதை 96,500ஆல் வகுத்தால் சுமார் 5.2 × 10⁻¹¹ மூல் இலத்திரன்கள், அதாவது 2.6 × 10⁻¹¹ மூல் குளுக்கோசு. பரீட்சைக்காக நாம் மனனம் செய்யும் பரடேயின் மாறிலி ஒரு நோயாளியின் விரல் நுனியில் வேலை செய்கிறது!

ஈரக்காற்றுப் பட்டால் இரத்தம் வருமுன்னரே இடைப்பொருளில் ஒரு பகுதி தாழ்த்தப்பட்டுவிடலாம். அந்த இலத்திரன்களும் சேர்த்து எண்ணப்படும்போது இலக்கம் உண்மையைவிடக் கூடும். நொதியம் பழுதடைந்தாலும் அளவு பிழைக்கும். போத்தல் மூடியின் உட்புறத்தில் ஈரமுறிஞ்சி வைத்திருப்பது இதற்காகத்தான்.

எண்ணுவதும் சேமிப்பதும்

ஆய்வுகூடத்தில் நாம் அமைக்கும் தானியேல் கலத்திலும் இதே கதைதான்: நாகம் இலத்திரனைக் கொடுக்கிறது, செப்பு அயன் ஏற்கிறது. குளுக்கோமீட்டர் இலத்திரன்களை எண்ணுகிறது; மின்னேற்றக்கூடிய பற்றரி அவற்றின் சக்தியைச் சேமிக்கிறது. கூரையில் சூரியப் படல் இருந்தாலும் இரவில் விளக்கெரிய இந்தச் சேமிப்பு வேண்டும். இலிதியம் அயன் பற்றரியை உருவாக்கிய மூவருக்கு 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பற்றரியிலும் பொருள்கள் தவறான இடத்துக்குப் போனால் சிக்கல். இரு கரைசல்களைத் தாங்கிகளில் வைத்துப் பாய்ச்சும் பற்றரிகளில், அவை மென்சவ்வைக் கடந்து கலந்தால் கொள்ளளவு குறையும். 1980களில் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலாஸ் கசாகோஸ் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, இரு பக்கமும் வனேடியத்தையே பயன்படுத்தும் பற்றரியை உருவாக்கியது. வனேடியத்துக்கு +2 முதல் +5 வரை நான்கு ஒட்சியேற்ற நிலைகள் உண்டு. எனவே சிறிது கலந்தாலும் கரைசல் நிரந்தரமாகப் பாழாவதில்லை, மீண்டும் சீராக்கலாம்.

தோழியரே, பெற்றோரே, உங்கள் வீட்டிலும் அந்தச் சிறு போத்தல் இருந்தால் மூடியை உடனே இறுக்கி மூடுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள். உடம்பு ஒன்றைச் சொல்ல இலக்கம் வேறொன்றைச் சொன்னால் மீண்டும் சோதியுங்கள். எங்கள் வீட்டில் இப்போது மூடிக்குப் பொறுப்பு நான்தான். இத்துறையிலேயே மேற்படிப்புப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை, இன்ஷா அல்லாஹ்.