கோஆக்ஸ் கேபிளுக்கு இன்னும் உயிர் இருக்கு!

"ஃபைபர் வந்தாச்சு, இனி கேபிள் இன்டர்நெட் அவ்ளோதான்"னு நினைக்கிறோம் இல்லையா? அமெரிக்காவின் காம்காஸ்ட் போன்ற நிறுவனங்கள் அப்படி நினைக்கவில்லை. குடியிருப்புப் பகுதியின் நோட் வரைக்கும் அவர்களிடமும் ஃபைபர்தான். அங்கிருந்து வீடு வரைதான் கோஆக்ஸ். அந்தக் கடைசித் தூரத்தைத் தோண்டி மாற்றுவதுதான் பெரிய செலவு.

டவுன்லோடில் பெரிய கவலை இல்லை. டாக்சிஸ் 3.0-இல் 256 க்வாம், அதாவது சிம்பலுக்கு 8 பிட். 3.1-இல் 4096 க்வாம் வரை போகலாம், 12 பிட். அதே அலைவரிசையில் ஒன்றரை மடங்கு! (லைனில் இரைச்சல் குறைவா இருக்கணும். துருப்பிடித்த ஒரு கனெக்டர் போதும், கணக்கே மாறிடும்.)

அடி வாங்குவது அப்லோடில்தான். டிவி காலத்து ஏற்பாட்டில் அதற்கு 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. அதையும் நோடிலுள்ள எல்லா வீடுகளும் பங்கு போடணும். நோடை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்குக் கிடைக்கும் பங்கு கூடும். மேல் எல்லையை 204 வரை தள்ளலாம், ஆனா வழியிலுள்ள ஆம்ப்ளிஃபயர்களையும் மாத்தணும்.

டாக்சிஸ் 4.0-இன் இலக்கு டவுன்லோட் 10 ஜிபிபிஎஸ், அப்லோட் 6. எக்ஸ்ஜிஎஸ்-பான் ஃபைபரில் இரண்டு பக்கமும் 10. ஒரு வீட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. என்னைக் கேட்டால், கேபிளின் உண்மையான பலவீனம் வேகமில்லை, அந்த ஆம்ப்ளிஃபயர்கள்தான்: ஒவ்வொன்றுக்கும் கரண்ட் வேணும். பானில் நடுவே இருப்பது கரண்டே கேட்காத ஒரு ஸ்ப்ளிட்டர்.