உங்கள் கம்ப்யூட்டரில் கேலக்ஸிகள் மோதுகின்றன

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள். பிறகு "இதில் வேறு என்னதான் செய்யலாம்?" என்று கேட்பார்கள். நான் சாப்ட்வேர் துறையில் இருப்பதால் திருவண்ணாமலைக்கு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னிடமும் வரும். வானியல் ஆராய்ச்சியில் கொஞ்சம் கைகொடுங்கள் என்பதுதான் என் பதில். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேலக்ஸிகள் எப்படி மோதி, ஒன்றாகி, வளர்கின்றன என்ற ஆராய்ச்சியில் வீட்டுக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே பங்கு உண்டு. முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம்.

கேலக்ஸி என்பது கோடானுகோடி நட்சத்திரங்களும் வாயுவும் தூசியும் ஈர்ப்பு விசையால் கட்டுண்டு கிடக்கும் பெரும் கூட்டம். நம் சூரியன் இருக்கும் கேலக்ஸிக்குப் பால்வீதி என்று பெயர். அதில் குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள் இருக்கின்றன.

இப்போது ஒரு சின்னப் பயிற்சி. ஸ்டெல்லேரியம் என்ற இலவச புரோகிராமை ஸ்டெல்லேரியம் டாட் ஆர்க் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டராக இருந்து கிராபிக்ஸ் மெதுவாக ஓடினால், பிரவுசரிலேயே இயங்கும் ஸ்டெல்லேரியம் வெப் போதும். ஆனால் கீழே சொல்லும் கீகள் இன்ஸ்டால் செய்யும் புரோகிராமுக்கு உரியவை.

புரோகிராம் திறந்ததும் எஃப்6 கீயை அழுத்துங்கள். ஊரைத் தேர்வு செய்யும் விண்டோ வரும். அதில் வடக்கு 12.23 டிகிரி, கிழக்கு 79.07 டிகிரி என்று கொடுத்தால் அது திருவண்ணாமலை. அடுத்து எஃப்5 கீயை அழுத்தி, தேதியை நவம்பர் மாதக் கடைசிக்கும் நேரத்தை இரவு 8 மணிக்கும் மாற்றுங்கள். எஃப்3 அழுத்தினால் தேடும் விண்டோ வரும். அதில் ஆங்கில எம் எழுத்தையும் 31 என்ற எண்ணையும் டைப் செய்து என்டர் தட்டுங்கள். ஸ்கிரீன் தானாகத் திரும்பி, உத்திரட்டாதி நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மங்கலான புகைத்துண்டைக் காட்டும். சாய்கோடு (/) கீயை அழுத்தினால் அது பெரிதாகும். இதுதான் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி. இங்கிருந்து 25 லட்சம் ஒளியாண்டு தூரம்.

இதை வெறும் கண்ணாலும் பார்க்கலாம். ஆனால் நம் ஊரில் ஒரு சிக்கல். கூட்டமெல்லாம் பௌர்ணமிக்குத்தான் வரும். கேலக்ஸி பார்க்க வேண்டியதோ அமாவாசைக்கு. தீபம் முடிந்து இரண்டு வாரம் பொறுத்து, ஊர் விளக்குகளை விட்டு விலகி, வடக்குப் பார்த்து நில்லுங்கள். இருட்டான வானத்தின் அருமை தெரிந்துதான் வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். திருவண்ணாமலையிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் 50 கிலோமீட்டருக்குள்தான் வரும். அங்கே இருக்கும் 2.3 மீட்டர் டெலஸ்கோப்புக்கு 1986-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

மறுபடி எஃப்3 அழுத்தி, இந்த முறை எம் 51 என்று தேடுங்கள். தேதியை மே மாதத்துக்கும் நேரத்தை இரவு 9 மணிக்கும் மாற்றினால் வடக்கு வானில் உயரமாகத் தெரியும். சப்தரிஷி மண்டலத்தின் வால் முனைக்கு அருகில் இருக்கிறது. சாய்கோடு கீயை அழுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பெரிய சுழல் கேலக்ஸி. அதன் ஒரு கரத்தின் நுனியில் சிறிய கேலக்ஸி ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கின்றன.

இப்போது ஆங்கில எல் கீயைப் பல தடவை தட்டுங்கள். ஸ்டெல்லேரியத்தில் காலம் வேகமாக ஓடும். வானம் சுழலும், நிலா பறக்கும். ஆனால் எம் 51 மட்டும் அப்படியே இருக்கும். காரணம், நீங்கள் பார்ப்பது ஒரு போட்டோ. கேலக்ஸி மோதல் முடிய நூறு கோடி ஆண்டு அளவில் ஆகும். எந்த விஞ்ஞானியும் ஒரு மோதலை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. கையில் இருப்பவை வேறு வேறு மோதல்களின் போட்டோக்கள்தான். ஒரு கல்யாண வீட்டின் வீடியோ கிடையாது. நூறு கல்யாணங்களில் ஆளுக்கொரு போட்டோ இருக்கிறது. அதை வைத்து நிச்சயதார்த்தம் முதல் சாப்பாட்டுப் பந்தி வரை வரிசைப்படுத்த வேண்டும். இந்த வேலைக்குத்தான் கம்ப்யூட்டர் வருகிறது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இதைச் செய்து பார்த்தவர் ஒருவர் உண்டு. 1941-ல் ஸ்வீடன் நாட்டின் எரிக் ஹோம்பர்க், ஒரு கேலக்ஸிக்கு 37 என்ற கணக்கில் 74 மின்பல்புகளை மேசை மேல் பரப்பினார். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். ஈர்ப்பு விசையும் அப்படியே. ஆகவே ஒவ்வொரு பல்பின் இடத்திலும் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று அளந்து, அதையே ஈர்ப்பு விசையாக எடுத்துக்கொண்டு, பல்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கதைகளில் இதைவிடப் பிடித்தது வேறில்லை. புரோகிராம் இருக்கிறது, கம்ப்யூட்டர்தான் இல்லை!

1972-ல் டூம்ரே சகோதரர்கள் உண்மையான கம்ப்யூட்டரில் இதைச் செய்தார்கள். ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்தார்கள். கேலக்ஸியின் எடை முழுவதும் நடுவில் இருப்பதாக வைத்துக்கொண்டு, சுற்றிலும் உள்ள நட்சத்திரங்களை எடையில்லாத புள்ளிகளாக விட்டுவிட்டார்கள். இந்த எளிய கணக்கிலேயே எம் 51-ன் உருவம் வந்தது. அஸ்த நட்சத்திரம் இருக்கும் காக மண்டலத்தில் ஆண்டெனா கேலக்ஸிகள் என்று ஒரு ஜோடி உண்டு. பூச்சியின் மீசைபோல இரண்டு நீண்ட வால்கள் அவற்றுக்கு. அந்த வால்களும் கணக்கில் அச்சாக வந்தன. விசித்திர உருவங்களுக்கு மோதலே காரணம் என்பதைப் பலரும் ஏற்றுக்கொண்டது இதன் பிறகுதான்.

ஏன் குறுக்கு வழி? எக்ஸெல்லைத் திறந்து நீங்களே பாருங்கள். ஏ1 செல்லில் 1000 என்று போடுங்கள். பி1 செல்லில் =ஏ1*(ஏ1-1)/2 என்று டைப் செய்யுங்கள் (ஏ என்பதை ஆங்கில எழுத்தில்). 1000 புள்ளிகள் ஒன்றையொன்று இழுத்தால் எத்தனை ஜோடிகளுக்குக் கணக்குப் போட வேண்டும் என்பது வரும்: 4,99,500. இது ஒரே ஒரு அடி நகர்த்துவதற்கு. ஏ1-ல் 1,00,000 என்று மாற்றினால் சுமார் 500 கோடி. புள்ளிகள் நூறு மடங்கானால் வேலை பத்தாயிரம் மடங்காகிறது.

இதற்கு 1986-ல் பார்ன்ஸ், ஹட் என்ற இருவர் நல்ல வழி சொன்னார்கள். கிரிவலப் பாதையில் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோளில் இடிப்பவர் ஒவ்வொருவரையும் நீங்கள் தனித்தனியாகக் கவனித்தாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வரும் கூட்டத்தில் யார் யார் என்று பார்க்கத் தேவையில்லை. "அங்கே ஒரு கூட்டம்" என்றால் போதும். அதேபோல் தூரத்துப் புள்ளிகளைச் சேர்த்து ஒரே புள்ளியாக எடுத்துக்கொண்டால் வேலை மளமளவென்று குறைகிறது. கணக்கும் பெரிதாகத் தப்பாது. இருந்தாலும் டிஎன்ஜி50 என்ற பெரிய சிமுலேஷனுக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் சூப்பர் கம்ப்யூட்டரில் 16,000 கோர்கள் ஓராண்டுக்கும் மேல் ஓடின. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான்கோ எட்டோ கோர்கள் இருக்கும்.

மோதல் என்றதும் நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் என்று நினைக்க வேண்டாம். சூரியனை ஒரு கடுகு அளவாகச் சுருக்கி, பெரிய கோயில் கோபுர வாசலில் வையுங்கள். அடுத்த கடுகை விழுப்புரத்தில் வைக்க வேண்டியிருக்கும். நடுவில் அவ்வளவும் வெற்றிடம். இரண்டு கேலக்ஸிகளின் நட்சத்திரங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து போய்விடும். வாயு மேகங்கள்தான் மோதி நசுங்கும். அங்கே புதிய நட்சத்திரங்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கும்.

அப்படிப் புகுந்து போனவை ஏன் பிரிந்து ஓடிவிடாமல் ஒன்றாகின்றன? இதற்கான கணக்கை 1943-ல் கொடுத்தவர் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சந்திரசேகர். கனமான பொருள் ஒன்று நட்சத்திரக் கூட்டத்துக்குள் போகும்போது, அக்கம்பக்கத்து நட்சத்திரங்களைத் தன் பக்கம் இழுக்கும். அவை வந்து சேர்வதற்குள் அது முன்னால் போயிருக்கும். ஆகவே அவை அதன் முதுகுக்குப் பின்னால் குவிந்து, அதைப் பின்னோக்கி இழுக்கும். உராய்வு போல வேகம் குறையும். அவர் நட்சத்திரங்களுக்குப் போட்ட கணக்கு, பிற்பாடு கேலக்ஸிகள் ஒன்றாவதை விளக்கவும் பயன்பட்டது.

நம் கதை என்ன ஆகும்? ஆண்ட்ரோமெடா விநாடிக்குச் சுமார் 110 கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. ஹபிள் டெலஸ்கோப்பின் அளவுகளை வைத்து, 400 கோடி ஆண்டில் பால்வீதியுடன் மோதுவது உறுதி என்று 2012-ல் அறிவித்தார்கள். 2025-ல் வந்த ஓர் ஆய்வு, புதிய அளவுகளோடு, அருகிலுள்ள சிறு கேலக்ஸிகளின் இழுப்பையும் சேர்த்து ஒரு லட்சம் முறை சிமுலேஷன் ஓட்டிப் பார்த்தது. அடுத்த 1000 கோடி ஆண்டில் மோதுவதற்கு வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்று விடை வந்தது. ஆரம்ப அளவில் சிறு மாற்றம், முடிவு தலைகீழ்.

போட்டோவும் சில நேரம் ஏமாற்றும். காவலூர் ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஜோதி யாதவ், மௌசுமி தாஸ், சுதான்ஷு பார்வே மூவரும், பிரான்ஸின் பிரான்சுவாஸ் கோம்புடன் சேர்ந்து, என்ஜிசி 7733, 7734 என்ற மோதும் ஜோடியை ஆராய்ந்தார்கள். ஒன்றின் கரத்தில் பளிச்சென்று ஒரு திட்டு தெரிந்தது. அதன் வேகத்தை அளந்தால் அந்தக் கரத்தின் வேகத்தோடு பொருந்தவில்லை. அது தனியாக மூன்றாவது கேலக்ஸி! மூன்றின் நடுவிலும் ராட்சதக் கருந்துளைகள் இருப்பதாக 2021-ல் வெளியிட்டார்கள். 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதா டெலஸ்கோப் இந்த ஆய்வுக்கு உதவியது.

இனி உங்கள் பங்கு. 2007 ஜூலையில் இங்கிலாந்தில் கேலக்ஸி ஜூ என்ற திட்டம் தொடங்கியது. சுமார் 9 லட்சம் கேலக்ஸி படங்களின் உருவத்தைப் பிரித்துச் சொல்ல அன்றைய புரோகிராம்களுக்குத் திறமை போதவில்லை. மனிதக் கண் நொடியில் சொல்லிவிடும். ஆகவே பொதுமக்களைக் கூப்பிட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 4 கோடி விடைகள் சேர்ந்தன. அவற்றிலிருந்து 3003 மோதும் ஜோடிகளின் பட்டியல் 2010-ல் வந்தது.

அதன் கிளைத் திட்டம் ஒன்றில், டூம்ரே சகோதரர்களின் அதே குறுக்கு வழிக் கணக்கு பிரவுசரில் ஓடியது. எந்த சிமுலேஷன் போட்டோவைப் போல வருகிறது என்று வீட்டில் இருப்பவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சிமுலேஷன்களைச் சலித்து 62 ஜோடிகளின் மோதலை மீட்டெடுத்தார்கள். அது ஜாவா ஆப்லெட் காலம். இன்றைய பிரவுசர்களில் அவை ஓடாது. நீங்களே மோதவிட்டுப் பார்க்க யுனிவர்ஸ் சாண்ட்பாக்ஸ் என்ற புரோகிராம் இருக்கிறது. அதற்குக் காசு கொடுக்க வேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும்.

கேலக்ஸி ஜூ இலவசம். பிரவுசரில் ஜூனிவர்ஸ் டாட் ஆர்க் தளத்துக்குப் போய், தேடும் கட்டத்தில் திட்டத்தின் பெயரைக் கொடுங்கள். ஒரு படம் வரும். வழவழப்பாக இருக்கிறதா, தட்டுப்போலக் கரங்களுடன் இருக்கிறதா, அல்லது படமே பழுதா என்று கேட்கும். பொருத்தமானதைக் கிளிக் செய்தால் அடுத்த கேள்வி. கடைசிப் பக்கம் வரும்போது மோதுகிறதா, உருக்குலைந்திருக்கிறதா என்றும் கேட்கும். 2024 ஆகஸ்டில் யூக்ளிட் விண்வெளி டெலஸ்கோப்பின் படங்களையும் இதில் சேர்த்தார்கள். இப்போது ஜூபாட் என்ற புரோகிராமும் இந்த வேலையைச் செய்கிறது. அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவை மக்கள் போட்ட விடைகள்தான்.

ஒரே படத்தைப் பலர் பார்ப்பார்கள், எல்லா விடைகளையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆகவே தவறாகக் கிளிக் செய்துவிட்டால் பயம் வேண்டாம். குழம்பினால் பக்கத்தில் இருக்கும் மாதிரிப் படங்களோடு ஒப்பிடுங்கள். வழக்கத்துக்கு மாறாக ஏதாவது தென்பட்டால் கலந்துரையாடல் பகுதியில் இரண்டு வரி எழுதிவிட்டு நகருங்கள். 2007-ல் ஹன்னி வான் ஆர்கெல் என்ற டச்சுப் பள்ளி ஆசிரியை, ஒரு கேலக்ஸிக்குக் கீழே இருந்த புரியாத திட்டைப் பார்த்து "இது என்ன?" என்று கேட்டார். விஞ்ஞானிகளுக்கும் உடனே விடை தெரியவில்லை. பிறகு பார்த்தால், அருகிலுள்ள கேலக்ஸியின் கருந்துளை முன்பு உமிழ்ந்த ஒளியால் பளபளக்கும் வாயு மேகம் அது. அதற்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.