மறைந்துபோன மேடு

சுவிட்சர்லாந்து, பிரான்சு ஆகிய நாடுகளின் எல்லையில், ஜெனிவா நகருக்கு அருகே, நிலத்திற்கு அடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் ஒரு வட்டச் சுரங்கம் உள்ளது. அதன் சுற்றளவு 27 கிலோமீட்டர். செர்ன் எனப்படும் ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனம் அங்கு இயக்கிவரும் கருவியே பெரிய ஹாட்ரான் மோதுவி. உலகின் மிகப் பெரிய துகள் முடுக்கி இதுவே.

இக்கருவி புரோட்டான் எனும் நுண்துகள்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் செலுத்தி, நேருக்கு நேர் மோத விடுகிறது. மோதலின் ஆற்றலிலிருந்து புதிய துகள்கள் தோன்றுகின்றன. அவற்றுள் பல, கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்தில் சிதைந்துவிடும். காலடித் தடத்தைக் கொண்டு விலங்கை அடையாளம் காண்பதைப் போல, சிதைவின் தடயங்களைக் கொண்டே அறிவியலாளர்கள் துகளை அடையாளம் காண்கின்றனர். இத்தடயங்களைப் பதிவுசெய்யும் உணர்கருவிகளுள் முதன்மையானவை அட்லஸ், சிஎம்எஸ் ஆகிய இரண்டும் ஆகும்.

2012ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், இவ்விரு கருவிகளிலும் பணியாற்றிய குழுக்கள் ஹிக்ஸ் துகளைக் கண்டறிந்ததாக அறிவித்தன. துகள்களைப் பற்றிய இன்றைய கோட்பாடான ‘செந்தர மாதிரி’ முன்கூட்டியே கணித்திருந்த துகள் அது. ஆயினும், ஈர்ப்பு விசையையும் விண்வெளியில் நிறைந்துள்ள கரும்பொருளையும் இக்கோட்பாட்டால் விளக்க இயலவில்லை. எனவே, அதற்கு அப்பாற்பட்ட துகள் ஏதேனும் உண்டா எனும் தேடல் தொடர்ந்தது.

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அத்தேடலில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. இரு குழுக்களும் வெளியிட்ட வரைபடங்களில், 750 கிகா எலக்ட்ரான் வோல்ட் அளவை ஒட்டி ஒரு சிறிய மேடு தென்பட்டது. அது உண்மையாயின், ஹிக்ஸைப் போல ஆறு மடங்கு நிறையுடைய, கோட்பாட்டில் இடமே இல்லாத ஒரு புதிய துகளாகும். சில மாதங்களிலேயே அதனை விளக்க முயன்று நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்பட்டன.

இருப்பினும், அக்குழுக்கள் அதனைக் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கவில்லை. ஏன்? ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டினால், ஏழு முறை தலை விழக்கூடும். அது தற்செயலாகவும் நேரலாம். பத்தாயிரம் முறை சுண்டி, ஏழாயிரம் முறை தலை விழுந்தால் மட்டுமே நாணயத்தில் ஏதோ கோளாறு என்று உறுதியாகக் கூறலாம். துகள் இயற்பியலிலும் அப்படித்தான். ஒரு விளைவு தற்செயலாக நேர்வதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 35 இலட்சத்தில் ஒன்றாகக் குறைந்தால்தான் அதனைக் கண்டுபிடிப்பாக ஏற்பர். அந்த மேடு அவ்வளவு உறுதியைப் பெறவில்லை.

மோதுவி மீண்டும் இயங்கியது. முன்னதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு புதிய தரவுகள் திரட்டப்பட்டன. 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சிகாகோவில் நடைபெற்ற மாநாட்டில் அவற்றின் முடிவுகள் வெளியாயின. புதிய தரவுகளில் அந்த மேட்டைக் காணவில்லை. அது தற்செயலாகத் தோன்றிய ஒன்றே என்பது தெளிவாயிற்று.

பலருக்கு இஃது ஏமாற்றம் அளித்தது. எனினும், மேடு தோன்றியதை எவ்வாறு வெளிப்படையாக அறிவித்தார்களோ, அது மறைந்ததையும் அவ்வாறே அறிவித்தார்கள். ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. 2012இல் ஹிக்ஸ் துகளை உலகம் நம்பியதற்கும், 2016இல் ஒரு பொய்த் தோற்றம் உண்மையாகிவிடாமல் தடுக்கப்பட்டதற்கும் காரணம் ஒன்றே. தாங்கள் விரும்பிய விடையையும் அறிவியலாளர்கள் அதே கடுமையான அளவுகோலால் அளந்து பார்த்தனர்.