சொல்லும் விலையும் போகும் விலையும்

ஜார்ஜ்டவுனில் வீட்டு விலை ஏறுவதை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு தலைமுறை உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுக்கு வந்தது. 2008 ஜூலையில் யுனெஸ்கோ அந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. பழைய கடைவீடுகள் கைமாறின. கடலோரத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. விலையேற்றத்திற்குக் கடிவாளமிட, 2010 நவம்பரில் பேங்க் நெகாரா மூன்றாவது வீட்டுக்கான கடனை 70 விழுக்காட்டுக்குள் வரையறுத்தது. 2014இல் சொத்து ஆதாய வரியும் உயர்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் தீவில் விற்பனை மந்தமடைந்தது.

மந்தம் என்றவுடன் விலை குறையும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் முதலில் குறைவது வாங்குவோரின் எண்ணிக்கைதான். விற்பவர் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருப்பார். கேட்டு வருவோர்தாம் இருக்கமாட்டார். ஆகவே, விளம்பரத்தில் காணும் விலையை வைத்துச் சந்தையை அளக்க முடியாது. அதே கட்டடத்தில் அண்மையில் கைமாறிய வீடு எவ்விலைக்குப் போனது என்பதே சரியான அளவுகோல். கட்டி முடித்துத் தகுதிச் சான்றிதழ் பெற்றும், விற்பனைக்கு வந்து ஒன்பது மாதங்களுக்கு மேலாகியும் விலைபோகாத வீடுகளைத் தேசியச் சொத்துத் தகவல் மையம் தனியே கணக்கிட்டு வெளியிடுகிறது. வீடு வாங்க எண்ணுவோர் அதையும் பார்ப்பது நல்லது.

சொல்லும் விலைக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள இடைவெளி வாங்குபவரின் கையைத்தான் கடிக்கும். ஒருவர் 500,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீட்டைப் பேசி முடிக்கிறார் என்று கொள்வோம். 90 விழுக்காடு கடன் கிடைத்தால் 50,000 ரிங்கிட் போதும் என்பது அவர் கணக்கு. வங்கியின் மதிப்பீட்டாளரோ அவ்வீட்டை 450,000 ரிங்கிட் என மதிப்பிடுகிறார். விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் குறைந்ததற்கே வங்கி கடன் தரும். கடன் 405,000 ரிங்கிட். கையிலிருந்து போட வேண்டியதோ 95,000 ரிங்கிட்! முத்திரை வரி 9,000 ரிங்கிட்டும் வழக்கறிஞர் கட்டணமும் இதில் சேரவில்லை.

பழைய வீட்டை வாங்குவோர் முதலில் 2 அல்லது 3 விழுக்காடு முன்பணம் கட்டுவதும், ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது அதை 10 விழுக்காடாக நிறைவு செய்வதும் வழக்கம். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வருமா? எழுத்தில் இல்லையென்றால் வாய்ப்பேச்சு உதவாது. விற்பனை சூடாக இருக்கும்போது இத்தகைய நிபந்தனையை விற்பவர் ஏற்கத் தயங்குவார். மந்தமான காலத்தில் பெரும்பாலும் இசைவார். விலையில் பத்தாயிரம் குறைப்பதைவிட இந்த ஒரு வரி சில வேளைகளில் அதிகப் பயன் தரும்.

விற்பவருக்கு வேறொரு கணக்கு. குடிமக்கள் தம் வீட்டை வாங்கிய மூன்று ஆண்டுகளுக்குள் விற்றால் ஆதாயத்தில் 30 விழுக்காடும், நான்காம் ஆண்டில் 20 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டில் 15 விழுக்காடும் வரி செலுத்த வேண்டும். 2022 முதல், ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. அப்படியானால் ஐந்தாம் ஆண்டில் இருப்பவர் காத்திருக்கலாமா? வரிக்குரிய ஆதாயம் 40,000 ரிங்கிட் என்றால் வரி 6,000 ரிங்கிட். காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வட்டி, பராமரிப்புக் கட்டணம், மதிப்பீட்டு வரி என மாதம் 1,500 ரிங்கிட் செலவாகுமானால், நான்கு மாதக் காத்திருப்பே அந்த 6,000 ரிங்கிட்டை விழுங்கிவிடும். இரண்டு மாதம் எஞ்சியிருந்தால் பொறுக்கலாம். பத்து மாதம் என்றால் இப்போதே விற்பது இலாபம்.

இன்னொன்றையும் விற்பவர் விலை பேசுமுன் வங்கியிடம் கேட்டறிய வேண்டும்: தம் கடன் நிலுவை எவ்வளவு? விற்கும் விலை அதைவிடக் குறைவானால், மீதியைத் தாமே கட்டினால்தான் வங்கி அடமானத்தை விடுவிக்கும். வாங்குபவரின் வழக்கறிஞரும் நில அலுவலகத்தில் உரிமைப்பத்திரத்தைத் தேடிப் பார்த்து, அடமானமோ வேறு தடையோ பதிவாகியிருக்கிறதா என உறுதிசெய்த பிறகே பணம் கைமாறும்.