மனையின் மதிப்பை உயர்த்தும் மரங்கள்

கிராமத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தால், வாங்க வருகிறவர் கொல்லைப்புறத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். காய்ப்பில் உள்ள தென்னை நின்றால் பேரம் ஒரு விதம். முட்புதரும் விரிசல் கண்ட சுவரும் இருந்தால் வேறு விதம். மகள் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வீட்டை விற்க நேரும் சிறு விவசாயிக்கு இந்த வித்தியாசம் பெரிது.

இடைவெளி

தென்னை மட்டை 15 அடிக்கு மேல் நீளும். எனவே கன்றைச் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி நட வேண்டும். மரத்துக்கு மரம் 25 அடி தேவை. மின்கம்பியின் கீழ் நடக்கூடாது. வேம்பை மேற்குப் புறத்தில் வைத்தால் பிற்பகல் வெயில் சுவரைத் தாக்காது. முருங்கைக் கிளை காற்றில் எளிதில் முறியுமாதலால் ஓட்டுக் கூரையின் அருகில் ஆகாது. அடுத்த மனைக்குள் கிளை சாய்ந்து தகராறு இருந்தால் வாங்குபவர் தயங்குவார்.

சமையலறை, குளியலறை நீரை வாழைக்கு விடுவது நல்லது. ஆனால் வாழையைச் சுவரோரம் வைத்தால் அஸ்திவாரத்தில் ஈரம் ஏறும். சிறு வாய்க்கால் வெட்டி, 10 அடிக்கு அப்பால் நீரைக் கொண்டு செல்லவும். பறவை எச்சத்தால் சுவரில் முளைக்கும் அரசு, ஆல் கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே வேருடன் அகற்ற வேண்டும்.

எப்போது எதை நடுவது?

நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர 6 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். ஒட்டு மாவுக்கு 4 ஆண்டுகள் போல ஆகும். பி.கே.எம்.1 செடிமுருங்கை 6 மாதத்தில் காய்க்கத் தொடங்கும். தேக்கு வைரம் பாய்ந்தால்தான் நல்ல விலை பெறும். இளமரத்தைக் காட்டி அதிகம் கேட்க முடியாது. ஓராண்டுக்குள் விற்பதாக இருந்தால் புதிதாக நடுவதைவிட முட்புதரை வெட்டி, காய்ந்த மட்டைகளை நீக்கி, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி மண்ணைச் சரிவாக அமைப்பதே மேல். கைச்செலவுக்காக நல்ல மரத்தை வெட்டி விற்றால் நிழலும் போகும், அடிக்கட்டையும் நிற்கும்.

கணக்கும் பத்திரமும்

ஒவ்வொரு பறிப்பிலும் கிடைத்த காய்களை நோட்டில் குறித்து வரவும். மரத்துக்கு ஆண்டுக்கு 80 காய் வீதம் 4 மரங்களில் 320 காய் என்று எழுத்தில் காட்டினால் பேரத்தில் பேச்சுக்கு வலு உண்டு.

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவுப்படி, வேறுவிதமாகக் குறிப்பிடாவிட்டால், நிலத்தோடு அதில் வேரூன்றி நிற்கும் மரங்களும் வாங்குபவரைச் சேரும். பத்திரம் பதிவான பின், "மரம் என்னுடையது" என்றால் செல்லாது. ஆகவே முன்பணம் வாங்குமுன் மரங்களை எண்ணி, அவற்றின் மதிப்பையும் விலையில் சேர்த்துப் பேச வேண்டும். ஏதேனும் மரத்தை வெட்டி எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதை ஒப்பந்தத்திலும் கிரயப் பத்திரத்திலும் தெளிவாக எழுத வேண்டும்.

விற்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் இம்மரங்கள் காயும் நிழலும் தரும். இந்த மழைக்காலத்திலேயே இடம் அளந்து, 3 அடி நீள, அகல, ஆழத்தில் குழியெடுத்துத் தென்னங்கன்று நட்டால், தேவைப்படும் நாளில் அது கைகொடுக்கும்.