பழ மஃபின் களியாகாமல் இருக்க: மாம்பழம் முதல் சீத்தாப்பழம் வரை

வீட்டில் பழம் போட்டு மஃபின் செய்பவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். மேலே பொன்னிறமாகச் சிவந்துவிடுகிறது, உள்ளே களி மாதிரி நிற்கிறது. அல்லது பழத்துண்டெல்லாம் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. உடனே ஓவனைக் குறை சொல்கிறோம். ஆனால் பழத்தின் தண்ணீரைக் கணக்கில் எடுக்காததுதான் அநேகமாகக் காரணம். நன்றாகப் பழுத்த மாம்பழத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் புளூபெர்ரியிலும் அவ்வளவு தண்ணீர் உண்டு. ஆனால் அதை முழுசாகப் போடுகிறார்கள், தோல் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. தோல் சீவி மசித்த மாம்பழத்துக்கு அந்தத் தடுப்பு இல்லை. அதே குறிப்பை வைத்துக்கொண்டு புளூபெர்ரிக்குப் பதில் மாம்பழம் போட்டால் மாவு கஞ்சியாகிவிடும்.

சாமல்பட்டி, ஊத்தங்கரை, போச்சம்பள்ளி பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அவசியம் தெரிய வேண்டும். நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் போல் மாம்பழம் கொட்டும் இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. செந்தூரா, பங்கனப்பள்ளி, அல்போன்சா, மல்கோவா என்று வரிசையாக வந்து, கடைசியில் நீலம் வரும். இவை எல்லாவற்றையும்விட அதிகமாக விளைவது பெங்களூரா. கிளிமூக்கு மாதிரி நுனி வளைந்த இந்தப் பழம்தான் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது.

ஆனால் எல்லைப் பக்கத்து பேக்கரிகளில் பழக் கேக் என்று கேட்டுப் பாருங்கள். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை நாம் பார்க்கும் ஐயங்கார் பேக்கரிகளின் மரபு பெங்களூரிலிருந்து வந்தது. அங்கே சிக்பேட்டையில் 1898-லேயே இந்த வகைக் கடை தொடங்கிவிட்டது. அவர்களுடைய ரொட்டிக்கும் தில்பசந்துக்கும் நான் ரசிகை. ஆனாலும் பழம் என்ற பெயரில் அங்கே கிடைப்பது டூட்டி ஃப்ரூட்டி. பப்பாளிக் காயைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் சாயம் ஏற்றிய துண்டு அது. தோட்டத்தில் பழம் உதிர்ந்து கிடக்கும் மாதத்தில் நம் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் மாம்பழம். வாசனைக்கு அல்போன்சா, லேசான புளிப்போடு கூடிய இனிப்புக்குச் செந்தூரா. பெங்களூராவுக்கு வாசனை குறைவு. ஆனால் சதை கெட்டி, நார் குறைவு, விலையும் மலிவு. என் தேர்வு கூழுக்குப் பெங்களூரா, துண்டுக்குச் செந்தூரா. அரை கிலோ பழத்தைத் தோல் சீவி மசித்து, அடிகனமான வாணலியில் சிறு தீயில் கிளறுங்கள். கூழ் பாதி அளவுக்குச் சுண்ட வேண்டும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடாமல் நிற்கும் பதம் சரி. நன்றாக ஆறிய பிறகே மாவில் சேர்க்க வேண்டும். சூட்டோடு போட்டால் பேக்கிங் பவுடர் கிண்ணத்திலேயே வேலையை முடித்துவிடும், அடுப்பில் உப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

நடுத்தர அளவில் எட்டு மஃபினுக்கு அளவு இது. மைதா 110 கிராம், கேழ்வரகு மாவு 40 கிராம், நாட்டுச் சர்க்கரை 90 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. இவற்றை ஒரு கிண்ணத்தில் சலித்துக் கலந்து வையுங்கள். இன்னொரு கிண்ணத்தில் சுண்டிய கூழ் 100 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் மூன்று மேசைக்கரண்டி, வாசனையில்லாத எண்ணெய் 60 மில்லி, ஒரு முட்டை. முட்டை சேர்க்காதவர்கள் இன்னும் மூன்று கரண்டி தயிர் சேர்க்கலாம். ஈரக் கலவையை மாவில் ஊற்றி, கரண்டியால் அடியிலிருந்து மேலே பத்துப் பன்னிரண்டு முறை புரட்டினால் போதும். அங்கங்கே மாவுக் கட்டி தெரிந்தால் தெரியட்டும். தோசை மாவு மாதிரி வழவழவென்று அடித்துக் கலக்கினால் மைதாவின் பசைத்தன்மை முறுக்கேறி, மஃபின் ரப்பராக இழுக்கும். கேழ்வரகுக்கு அந்தப் பசை கிடையாது. அதனால்தான் அதைக் கொஞ்சம் சேர்க்கச் சொல்கிறேன்: உதிர்தன்மை கிடைக்கும், மாம்பழத்தோடு அந்த மண்வாசனையும் பொருந்தும். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மஃபின் எழும்பாது.

கடைசியாகத் துண்டுகள். ஒரு கைப்பிடி செந்தூராத் துண்டுகளை விரல் நகம் அளவுக்கு நறுக்கி, சல்லடையில் பத்து நிமிடம் வடியவிட்டு, ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிச் சேருங்கள். துண்டு பெரிதாக இருந்தாலும், மாவு நீர்த்திருந்தாலும் அடியில் போய்விடும். கிண்ணங்களில் முக்கால் அளவுக்கு ஊற்றி, முன்னதாகவே சூடேற்றிய ஓவனில் 190 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள்.

ஓவன் இல்லாதவர்கள்தான் நம் பக்கம் அதிகம். குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டுச் செய்யும் முறை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. தண்ணீரில்லாமல் குக்கரைச் சூடாக்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. தினமும் பருப்பு வேகவைக்கும் பாத்திரம் வீணாகிவிடும். மூடியுள்ள, அடிகனமான பழைய பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். அடியில் ஒரு அங்குலம் கல்லுப்பு பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிப் பத்து நிமிடம் நடுத்தரத் தீயில் சூடாக்குங்கள். சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் எண்ணெய் தடவி மாவு ஊற்றி உள்ளே வைத்து, தீயைக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். இருபது நிமிடத்துக்குள் மூடியைத் திறக்காதீர்கள். அதுவும் வேண்டாம் என்றால் பணியாரக் கல் இருக்கிறது. குழியில் எண்ணெய் தொட்டு, முக்கால் குழி ஊற்றி, மூடி, மிகச் சிறு தீயில் வைத்து ஒருமுறை திருப்பிவிட்டால் அழகாக வெந்து வரும். கூழில் சர்க்கரை இருப்பதால் தீ கூடினால் உடனே கருகும். வெந்ததா என்று பார்க்கத் தென்னை ஈர்க்கு போதும். துண்டு இல்லாத இடமாகப் பார்த்துக் குத்துங்கள். பழத்தில் குத்தினால் வெந்த மஃபினும் ஈரமாகத்தான் காட்டும்.

மாம்பழம் முடியும் நேரத்தில் நாவல் வரும். இதைச் சுண்டவைக்க வேண்டாம், கொட்டை நீக்கி நறுக்கிச் சேர்த்தால் போதும். ஆனால் சமையல் சோடா கூடவே கூடாது. நாவலின் ஊதா நிறம் காரத்தில் நீலமாகி, பச்சையாகித் திரிந்துவிடும். பார்த்தால் பூஞ்சணம் பிடித்த மாதிரி இருக்கும். சோடாவை விட்டுவிட்டு பேக்கிங் பவுடரை ஒன்றரை டீஸ்பூனாக்கி, கூழுக்குப் பதில் கூடுதலாக ஆறு கரண்டி தயிரும் ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் சேருங்கள். நிறம் நிற்கும்.

அடுத்து சீத்தாப்பழம். மழைக்காலத்தில் சாலையோரம் கூடை கூடையாகக் கிடைப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு மாவில் சேர்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சீத்தாக் கூழ் சூடேறினால் கசக்கும். எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அந்தக் கசப்பு போகாது. வெறும் ஏலக்காய் மஃபின் செய்து, ஆறியபின் நடுவில் குழி தோண்டி, பச்சையாகவே சீத்தாச் சதையைக் கெட்டித் தயிரில் கலந்து நிரப்புங்கள், அன்றே சாப்பிட்டுவிடுங்கள். விதை எடுக்க மிக்ஸியைப் பயன்படுத்தாதீர்கள். விதைத்தூள் நச்சு, கண்ணில் பட்டால் காயப்படுத்தும். கையாலோ சல்லடையிலோ தேய்த்து எடுங்கள்.

கொய்யா என்றால் வேகவைத்து, வடிகட்டி விதை நீக்கி, கூழைச் சுண்டவைத்து ஒரு சிட்டிகை பட்டைத்தூளுடன் சேர்க்கலாம். பலாச்சுளையைப் பொடியாக நறுக்கி நெய்யில் வதக்கினால் போதும். சப்போட்டாவுக்குச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

போச்சம்பள்ளி, ஓசூர் சிப்காட் ஆலைகளுக்கு ஷிப்டுக்குப் போகும் பெண்களுக்கு இது கைக்கு அடக்கமான பலகாரம். ஆனால் பழ ஈரம் உள்ளதால் நம் வெயிலில் ஒரு நாளுக்கு மேல் வெளியே தாங்காது. முழுதாக ஆறாமல் டப்பாவில் அடைத்தால் அதற்கு முன்பே கெட்டுவிடும். ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். சுண்டிய கூழை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துப் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் தீபாவளிவரை மாம்பழ மஃபின் செய்யலாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டது. தோல் மட்டும் ஒரே சீராக மஞ்சளாகி, முகர்ந்தால் வாசனையே இல்லாத பழம் உங்கள் மஃபினுக்கும் வாசனை தராது. முற்றிய காயாக வாங்கி வைக்கோலில் வைத்து வீட்டிலேயே பழுக்கவையுங்கள். முடிந்தால் தோட்டத்துக்கே போய் வாங்குங்கள். 2025 பருவத்தில் பெங்களூரா விலை விழுந்து, பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் விவசாயிகள் தவித்தார்கள். அவர்களிடம் நேரடியாக ஒரு கூடை வாங்கி, அதன் கூழை இந்த ஆண்டு உங்கள் வீட்டு ஃப்ரீசரில் சேர்த்து வையுங்கள்.